ஸ்டேஷன் எடுக்காத ரேடியோ

வாசகர் கேள்வி–பதில்

நாற்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். "ஸ்டேஷன் எடுக்க மாட்டேங்குது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைத்தான் அத்தனை வருஷமும் பார்த்தேன். இந்த மாதத் தபாலில் கதை தலைகீழ். ஸ்டேஷன் வருகிறது, வராமல் செய்ய வழி சொல்லுங்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நடுவில் டயோடு (கரண்டை ஒரே பக்கமாக விடுகிற சின்ன உறுப்பு) எங்கே கிடைக்கும் என்று ஒரு கேள்வி. பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: வயது 71. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என் மனைவி காலமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. லாட்வியாவைச் சேர்ந்த ரௌடிவ் என்பவர் டேப் ரெக்கார்டரில் ஒரு டயோடையும் குட்டி ஆன்டெனாவையும் இணைத்து, மறைந்தவர்களின் குரலைப் பதிவு செய்தார் என்று படித்தேன். ஆன்டெனா குட்டையாக இருந்தால் ரேடியோ ஸ்டேஷன் வராது என்று அதில் போட்டிருந்தது. ஆறு சென்டிமீட்டர் கம்பி, 1என்34 டயோடு, வீட்டில் இருந்த டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி), அதன் மைக் துளை, இவ்வளவுதான் என் கருவி. புதுக் கேசட் கிடைக்கவில்லை. அவள் பெட்டியில் இருந்த பழைய கேசட்டுகளைத்தான் போடுகிறேன். ஆனால் தூத்துக்குடி ஸ்டேஷன் கணீரென்று வருகிறது. ஒருநாள் இரவு ஏழு மணி வாக்கில் புரியாத மொழியில் ஒரு பெண் குரல். இன்னொரு நாள் ரொம்பச் சன்னமாக, பாட்டு மாதிரி ஏதோ ஒன்று. ஸ்டேஷனை அடியோடு நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் பதிவு செய்ய வழி உண்டா? கேலி செய்யாமல் பதில் எழுதவும். — பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: கேலி எதற்கு அண்ணாச்சி, இதே சர்க்யூட்டை நானும் கட்டியிருக்கிறேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால், இதைப் படித்து முடிக்கிறவரைகூடக் காத்திருக்காமல் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பெட்டியில் இருக்கிற கேசட் அத்தனையையும் எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஸ்குரூ டிரைவர் முனையால் உடைத்துவிடுங்கள். நாக்கு இல்லாத கேசட்டில் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. உங்கள் மனைவியின் பெட்டியில் இருந்த கேசட் என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் என்ன இருக்கிறது என்று போட்டுக் கேட்டதாக எழுதவில்லை. ஊரில் மார்கழி பஜனை, கல்யாண வீட்டுப் பாட்டு, பிள்ளைகளின் மழலை என்று அந்தக் காலத்தில் பதியாத வீடு கிடையாது. நீங்கள் தேடுகிற குரலின் மேலேயே தூத்துக்குடி ஸ்டேஷனைப் பதிந்துகொண்டிருக்கக் கூடாது இல்லையா?

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம். தூத்துக்குடி மத்திய அலை 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதன் அலைநீளம் 285 மீட்டர். அதற்கு முன்னால் உங்கள் ஆறு சென்டிமீட்டர் கம்பி கொசுவுக்குச் சமம். கணக்கு வாத்தியார் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன்: அந்தக் கம்பியின் மின்கொள்ளளவு ஒரு பிகோஃபேரடுக்கும் குறைவு. 1053-இல் அது இரண்டு லட்சம் ஓம் தடை மாதிரி நிற்கும். அதன் வழியாக வருகிற துளி சிக்னலை டயோடு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆக, ரௌடிவ் சொன்ன அந்தப் பாதி சரிதான். குட்டைக் கம்பியில் மத்திய அலை வராது.

பின்னே எப்படிக் கணீரென்று வருகிறது? உங்கள் ஆன்டெனா ஆறு சென்டிமீட்டர் இல்லை, அண்ணாச்சி. டயோடிலிருந்து மைக் துளைக்குப் போகிற ஒயர் ஒரு மீட்டராவது இருக்கும். டூ-இன்-ஒன் கரண்டில் ஓடினால் அடாப்டர் ஒயர், அதன் பின்னால் உங்கள் வீட்டு ஒயரிங், அதன் பின்னால் தெருவில் போகிற ஈபி லைன். இது எல்லாமே ஆன்டெனாதான். நீங்கள் நறுக்கினது வாலின் நுனியை மட்டும்.

அதைவிட முக்கியமான சந்தேகம் ஒன்று எனக்கு உண்டு. டூ-இன்-ஒன்னுக்குள்ளேயே ஒரு முழு ரேடியோ உட்கார்ந்திருக்கிறது. ரேடியோ, டேப் என்று மாற்றும் அந்த நீள ஸ்விட்சில் வருஷக்கணக்கில் கறுப்பு ஏறியிருந்தால், டேப் பக்கம் தள்ளினாலும் ரேடியோ கசியும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பதிவு ஓடும்போது ஸ்டேஷன் திருகியைத் திருப்புங்கள். குரல் மாறினால் அல்லது மறைந்தால் உங்கள் டயோடு நிரபராதி. மாறாவிட்டால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுச் செல் போட்டுப் பாருங்கள். அப்போதும் வந்தால், டயோடின் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். டயோடு இல்லாமலும் ஸ்டேஷன் பேசும் என்றே நினைக்கிறேன். மைக் துளைக்குப் பின்னால் இருக்கிற முதல் டிரான்சிஸ்டருக்குள்ளும் ஒரு டயோடு ஒளிந்திருக்கிறது: அதன் பேஸ்–எமிட்டர் சந்தி. ஒயர் வழியாகப் பலமான ரேடியோ சிக்னல் வந்து விழுந்தால் அது தன்பாட்டுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும்.

நீங்கள் கேட்டது ஸ்டேஷன் எடுக்காத டயோடு ரிசீவர். அதைச் செய்ய முடியும். நான் செய்தால் இப்படிச் செய்வேன்.

மூடி இறுகப் பொருந்துகிற பிஸ்கட் டின் ஒன்று எடுங்கள், பிளாஸ்டிக் டப்பா உதவாது. டின் மூடியின் உள்விளிம்பில் பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, தகரமும் தகரமும் தொடும்படி செய்யுங்கள். டூ-இன்-ஒன்னை மறந்துவிடுங்கள். பேட்டரியில் ஓடுகிற கையடக்க வாய்ஸ் ரெக்கார்டர் ஒன்று போதும், அது முழுவதும் டின்னுக்குள் போய்விட வேண்டும். டின்னிலிருந்து வெளியே ஒரு ஒயரும் வரக் கூடாது, எர்த் ஒயர்கூடத்தான். ஒரு துளை போட்டு, ரப்பர் புஷ் வைத்து, ஆறு சென்டிமீட்டர் கம்பி மட்டும் தலையை நீட்டட்டும்.

கம்பியின் அடியிலிருந்து டின்னுக்கு ஒரு காயில். அரை மில்லிமீட்டர் எனாமல் கம்பியைப் பென்சில் மேல் நெருக்கமாகப் பதினைந்து சுற்றுச் சுற்றிப் பென்சிலை உருவிவிடுங்கள். ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி வரும். இந்தக் காயில்தான் காவல்காரன். 1 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 6 ஓம், 100 மெகாஹெர்ட்ஸில் 600 ஓமுக்கு மேல். அதாவது தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197 எல்லாம் இந்தக் காயில் வழியாக டின்னில் இறங்கிச் செத்துவிடும். மேலே இருக்கிற அலைகள் மட்டும் டயோடுக்குப் போகும். காயிலின் மேல்முனையிலிருந்து டயோடு. டயோடின் மறுமுனையிலிருந்து டின்னுக்கு ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டன்ஸும், ஒரு நானோஃபேரடு டிஸ்க் கண்டன்சரும். அங்கிருந்து பத்தாயிரம் ஓம் வழியாக ஒரு மைக்ரோஃபேரடு, பிறகு ரெக்கார்டரின் மைக் துளை. கடைசியில் சொன்ன கண்டன்சரை விட்டுவிடாதீர்கள். இப்போதைய ரெக்கார்டர்களின் மைக் துளையில் இரண்டு, மூன்று வோல்ட் நிற்கும். அது டயோடுக்குள் போனால் டயோடு செவிடாகிவிடும்.

எஃப்எம் வராதா என்று கேட்பீர்கள். அலை வரும், ஆனால் பேசாது. எஃப்எம் அலையின் உயரம் மாறுவதில்லை, அதிர்வெண்தான் அசைகிறது. ட்யூன் செய்கிற சர்க்யூட் எதுவும் இல்லாத டயோடுக்கு அந்த அசைவு தெரியாது. தலைக்கு மேல் விமானம் போனால் மட்டும் கவனமாக இருங்கள். பைலட் பேசுவது இன்றைக்கும் பழைய ஏஎம் முறையில்தான், 118 மெகாஹெர்ட்ஸிலிருந்து 137 வரை. ரொம்பப் பக்கத்தில் போகிற விமானம் இந்த டின்னுக்குள் முணுமுணுக்கலாம். கோவில்பட்டியில் அதற்கு வாய்ப்பு குறைவு.

இந்தச் சின்னக் கம்பியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரௌடிவ் காலத்தில் ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் என்பது எந்த ஸ்டேஷனுக்கும் பொருந்தாத அளவு. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்கு 900 மெகாஹெர்ட்ஸ் மொபைல் அலையின் கால் பங்கு எவ்வளவு தெரியுமா? எட்டு சென்டிமீட்டர் சொச்சம். 1800-க்கு நாலு சென்டிமீட்டர். ஸ்டேஷனைத் தவிர்க்க என்று அன்று வெட்டிய கம்பி, இன்று மொபைலுக்கென்றே அளந்து வெட்டினது மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் 2ஜி போன் இருந்தால் 'டிடிட்-டிடிட்-டர்ர்ர்' என்று 217 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். உங்கள் போனை மட்டும் அணைத்தால் போதாது, பக்கத்து வீட்டுக்காரர் போன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சார்ஜில் கிடக்கும். மலிவு எல்இடி பல்பு, கொசு பேட், சார்ஜர் எல்லாம் தத்தம் பாட்டைப் பாடும்.

எதுவும் வராத பதிவையும் ஒன்று எடுத்து வையுங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு, டின்னை மூடி, அரை மணி நேரம் ஓட விடுங்கள். இதில் கேட்கிறது எதுவானாலும் அது ரெக்கார்டரின் சொந்தச் சத்தம். இரண்டையும் ஒப்பிடாமல் எதையும் நம்ப வேண்டாம். கணக்கில் விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கச் சொல்வீர்களே, அதுதான்.

இனி நீங்கள் கேட்ட அந்த இரண்டு குரல்கள். புரியாத மொழிப் பெண் குரல் மாலை ஏழு மணி வாக்கில் என்றால், எனக்கு முதலில் தோன்றுவது சிங்களம். தூத்துக்குடி டிரான்ஸ்மிட்டர் இலங்கை நேயர்களுக்காகவும் ஒலிபரப்பியது, அதில் சிங்கள நிகழ்ச்சியும் உண்டு. பொழுது சாய்ந்தால் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பித் தூரத்தில் போய் இறங்கும். அப்போது கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களும் சேர்ந்துகொள்ளும்.

அந்தச் சன்னமான பாட்டைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். மலிவான டூ-இன்-ஒன்களில் பழைய பதிவை அழிக்க ஒரு சின்ன நிரந்தரக் காந்தம்தான் இருக்கும். ரெக்கார்ட் பட்டனை அமுக்கும்போது அது டேப்பில் வந்து உரசும். முழுசாக அழிக்காது. வேறொரு மெஷினில் பதிந்த கேசட்டாக இருந்தால் ஹெட்டின் உயரம் மயிரிழை மாறியிருக்கும், அப்போது டேப்பின் ஓரத்தில் ஒரு கீற்று அழியாமல் தப்பிவிடும். பதிகிற அறை அமைதியாக இருந்தால் இந்த மெஷின்கள் தாமாகவே சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். அதனால் சீறல் பலமாகும், தெருவில் போகிற பேச்சுகூட அறைக்குள் நடந்தது போல் விழும். நீங்கள் கேட்டது அழிந்தும் அழியாத பழைய பதிவாக இருக்கலாம். எந்தக் கேசட், எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

ரௌடிவைப் பற்றியும் நாலு வரி. 1959-இல் ஸ்வீடனில் யூர்கன்சன் என்ற ஓவியர் பறவைச் சத்தம் பதியப் போய், டேப்பில் மனிதக் குரல் கேட்டது என்றார். அதைக் கேள்விப்பட்டு இதில் இறங்கியவர் ரௌடிவ். ஜெர்மனியில் வாழ்ந்து 1974-இல் இறந்தார். அவர் கேட்ட குரல்கள் ஒரே வாக்கியத்தில் லாட்விய, ஜெர்மன், ரஷ்ய, ஸ்வீடிஷ் சொற்களைக் கலந்து பேசின. அது மறைந்தவர்களின் பாஷை என்று அவர் நினைத்தார். எனக்கு அது இரவு நேர ஐரோப்பிய மத்திய அலை மாதிரியே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து நாட்டு ஸ்டேஷன், எல்லா மொழியும் அறிந்த ஒரு ஜோடிக் காது. கேம்பிரிட்ஜில் டேவிட் எல்லிஸ் என்பவர் 1970-களில் இந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே துண்டை வேறு வேறு ஆட்கள் வேறு வேறாகக் கேட்டார்கள் என்பது தெரிந்தது. ரேடியோ புகாத அறையிலும் குரல் விழுந்தது என்று ரௌடிவ் பக்கத்து ஆட்கள் சொல்வதுண்டு. அந்த அறைக்குள்ளும் கேட்கிற மனிதர் இருந்தாரே.

என் கதை இதுதான். எண்பதுகளின் நடுவில், கடையை அடைத்த பிறகு, நானும் என்னிடம் வேலை பழகிய பையனும் இதைக் கட்டி ஒரு மணி நேரம் பதிந்தோம். மூன்று இடத்தில் ஏதோ கேட்டது. எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. அப்போதுதான் பையன் சொன்னான், "அண்ணே, பேசிக்கிடாம ஆளுக்கொரு பேப்பர்ல எழுதிப் பாப்பமா?" எழுதினோம். முதல் இடத்தில் நான் எழுதியது "தம்பி வந்துட்டேன்". என் அண்ணன் தவறி அப்போது இரண்டு வருஷம். அவன் எழுதியது "பம்பு செட்டு". அவன் தோட்டத்து மோட்டார் அந்த வாரம்தான் எரிந்திருந்தது. மற்ற இரண்டு இடத்திலும் அதே லட்சணம்தான்.

அதற்கப்புறம் நான் அதைக் கட்டவில்லை. நீங்கள் கட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டின், காயில் எல்லாம் ஒரு சாயங்கால வேலை, கை ஓடினால் மனசும் கொஞ்சம் ஓடும். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிறகு ப்ளே. கேட்கும்போதே ஹெட்போன் துளையிலிருந்து வாய்ஸ் ரெக்கார்டருக்கு ஏற்றிவிடுங்கள், பழைய டேப் இரண்டாவது தடவை ஓடும் என்று நிச்சயம் கிடையாது. முதல் பத்து நிமிடம் வெறும் சீறலாக இருந்தால் நிறுத்திவிட வேண்டாம். வீட்டில் பதிந்த கேசட்டில் நல்லது எப்போதும் நடுவில்தான் இருக்கும்.

கேள்வி: ஓஏ79 ஜெர்மேனியம் டயோடு ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. ஆன்லைனில் 1என்34 என்று வாங்கியது நிஜமா, போலியா? — திண்டுக்கல்

பதில்: போலி என்று உடனே சொல்லிவிட முடியாது. பெயர் ஜெர்மேனியம், உள்ளே ஷாட்கி (இன்னொரு வகை டயோடு) என்று நிறைய வருகிறது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். 0.6 பக்கம் காட்டினால் சிலிக்கான், குப்பையில் போடலாம் (அல்லது வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்). 0.2, 0.3 காட்டினால் ஜெர்மேனியமும் ஆகலாம், ஷாட்கியும் ஆகலாம். இப்போது மீட்டரை ஓம் நிலைக்கு, பெரிய அளவுக்கு மாற்றி, டயோடைத் திருப்பிப் போடுங்கள். ஜெர்மேனியம் கொஞ்சம் கசியும். சால்டரிங் அயர்னைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனால் கசிவு நன்றாக ஏறுவது மீட்டரில் தெரியும். ரேடியோ கேட்க ஷாட்கியும் தப்பில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். பழைய கருப்பு டிரான்சிஸ்டர் ரேடியோ ஏதாவது பரணில் இருந்தால், அதன் கடைசி ஐஎஃப் டப்பாவுக்கு (தகரக் கூடு போட்ட சின்னக் காயில்) பக்கத்தில் கண்ணாடி உடம்போடு ஒரு அசல் ஜெர்மேனியம் உட்கார்ந்திருக்கும். கழற்றும்போது காலை மூக்குப் பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு பிளையருக்குப் போகட்டும். காலைக் கண்ணாடியை ஒட்டி மடக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி.

இன்னொன்று. இந்த டயோடுக்கெல்லாம் பாட்டன் ஒரு கல். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா. அதை வைத்து ரேடியோ அலையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். காப்புரிமையில் அவருக்குப் பெரிய விருப்பம் இருந்ததில்லை.

கேள்வி: பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மின்னல் சத்தத்தைக் கேட்க டயோடு ரிசீவர் செய்தேன். பத்து மீட்டர் ஒயர் கட்டியிருக்கிறேன். மின்னலுக்குப் பதில் இரண்டு ஸ்டேஷன் ஒன்றாகப் பேசுகின்றன. எப்படிப் பிரிப்பது? — நாகர்கோவில்

பதில்: தம்பி, பிரிக்க வேண்டாம், டயோடைத் தூக்கிப் போடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். டயோடு எதற்கு? காதுக்கு எட்டாத உயரத்தில் போகிற அலையின் முதுகில் இருக்கிற பேச்சை இறக்கிவைக்க. மின்னல் யார் முதுகிலும் ஏறி வருவதில்லை. அது கிளப்புகிற அலையின் பலம் 5, 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அது காது கேட்கிற எல்லைதான், ஒலி அலையாக மாற்றிக் கொடுத்தால் போதும். ஆகவே ஒயர், அதன் பின்னால் ஒரு எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்), அதன் பின்னால் சாதாரண ஆம்ப்ளிஃபயர். உங்கள் லேபில் பிஎஃப்டபிள்யூ10 கட்டாயம் இருக்கும், அதுவே போதும். ஒயருக்கும் எஃப்இடியின் 'கேட்' காலுக்கும் நடுவில் ஒரு லட்சம் ஓம், அந்தக் காலிலிருந்து எர்த்துக்கு 100 பிகோஃபேரடு. இது 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதையெல்லாம் அமுக்கிவிடும். ஸ்டேஷன் இரண்டும் போன இடம் தெரியாது. அந்தக் கண்டன்சருக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்ஓம் போட்டுவிடு.

வீட்டு மாடியில் கேட்டால் ஈபி ஹம் மட்டும்தான் கேட்கும். கரண்ட் கம்பியிலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளிப் போ, கடற்கரையோ வயல்காடோ. வானம் நிர்மலமாக இருக்கிற நேரமே உத்தமம். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இடைவிடாமல் கேட்கும், அதெல்லாம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் விழுகிற மின்னல். இரவானால் சிலது 'ட்யூங்' என்று தந்தியைச் சுண்டினது மாதிரி ஒலிக்கும். தரைக்கும் வானத்து அயனி அடுக்குக்கும் நடுவில் மோதி மோதி வருவதால் அப்படி. உன் ஊர்ப் பக்கம் காந்த நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பதால் அந்த அயனி அடுக்கு ஆராய்ச்சிக்கு ரொம்பத் தோதான இடம். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடமே வைத்திருக்கிறது. இடி காதால் கேட்கிற தூரத்தில் இருந்தால் ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்விடு, அதில் விளையாட்டு வேண்டாம்.

ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும் உன்னை விடாது. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறதே, நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுகிற டிரான்ஸ்மிட்டர். அது 18 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இயங்குகிறது, உனக்கு ரொம்பக் கிட்டம் வேறு. அதில் பேச்சு, பாட்டு எதுவும் கிடையாது. உன் வயதுக் காதுக்கு மெல்லிய ஊசிச் சத்தமாகக் கேட்டாலும் கேட்கும். எனக்குக் கேட்காது. 100 பிகோஃபேரடை 220 ஆக்கினால் கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடையில் மைக் செட்டைப் போட்டால் பூசாரி பேசாத நேரத்தில் வானொலிச் செய்தி கேட்கிறது. ஆம்ப்ளிஃபயர் புதுசு. மெக்கானிக் பெட்டியை மாற்றச் சொல்கிறார். — திருச்செந்தூர் பக்கம்

பதில்: பெட்டியை மாற்றாதீர்கள். கடற்கரை ஊர் என்பதால் சொல்கிறேன், முதலில் மைக் ஒயரின் இணைப்புகளைப் பாருங்கள். துருப்பிடித்த இணைப்பு என்பது காசு கொடுக்காமல் கிடைத்த டயோடு. இரண்டு உலோகத்துக்கு நடுவில் பாசி மாதிரி உப்பும் துருவும் படிந்தால் கரண்ட் ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் சிரமமாகவும் போகும். முப்பது மீட்டர் மைக் ஒயர் ஆன்டெனா, துருவே டயோடு, மீதிக்கு ஆம்ப்ளிஃபயர். பூசாரிக்குத் தெரியாமல் முழு ரேடியோ தயார். பின்னை வெட்டிவிட்டுப் புதுப் பின்னைச் சால்டர் செய்யுங்கள். மேல்வலை ஒயர் பின்னின் உடம்போடு நன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்று பின் எக்ஸ்எல்ஆர் மைக்காக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, இரண்டு ஒயரிலும் சமமாக வருகிற வேண்டாத சிக்னல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அப்படியும் முணுமுணுத்தால் ஆம்ப்ளிஃபயர் மைக் துளைக்கு உள்பக்கம் ஒரு ஃபெரைட் மணியும் 220 பிகோஃபேரடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கௌரவமானது அல்ல. தொண்ணூறுகளில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் சொல்லி மேளம் ஓய்ந்த அந்த ஒரு நிமிஷத்தில், பெட்டி தன்பாட்டுக்கு மார்க்கெட் நிலவரம் வாசித்ததாம். மிளகாய் வற்றல் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று. பெண் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நான் பெட்டியைத் திறந்து முதலில் ஒரு ஐசியை மாற்றினேன், அப்புறம் இன்னொன்று, மூன்றாவதற்கு ஆள் அனுப்பி வாங்கி வரச் சொன்னேன். கடையில் என் மைக்கைப் போட்டுச் சோதித்தால் சுத்தமாக இருக்கும், அவர் கொண்டுபோய்ப் போட்டால் செய்தி வாசிக்கும். நாலாவது தடவை அவர் பெட்டியோடு தன் ஒயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு இடத்தில் வெறும் முறுக்குப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு.

ஐசிக்குக் காசு வாங்கவில்லை. ஒயருக்கும் டேப்புக்கும் மட்டும் வாங்கிக்கொண்டேன்.